எடையறையில் ஒரு பித்தளைக் கரண்டி

அன்று இருட்டறையில் இருந்தவர்கள்: ஜெபமணி மேடம். அவரிடம் ஆராய்ச்சி செய்த சண்முகப்பிரியா. வேதியியல் துறைத் தலைவர். வாசல் ஓரமாக நான், லேப் அட்டெண்டர் கருப்பசாமி.

சண்முகப்பிரியா கண்ணாடிக் குடுவையை மேசையில் வைத்தாள். மேடம் ஊதா விளக்கைப் போட்டார். குடுவைக்குள் சிவப்பு வந்தது. அணையப்போகிற பீடி நுனி மாதிரி ஒரு சிவப்பு. நாங்கள் வெளிநாட்டுப் பத்திரிகையில் எழுதியிருந்த சிவப்பு அது இல்லை.

"இதுக்குத்தான் வாசல்ல பிளெக்ஸ் வச்சோமா?" என்றார் தலைவர்.

சிவப்பு மங்கியதற்குக் காரணம் எனக்குத் தெரியும். தெரிந்து ஒரு நாள் ஆகியிருந்தது.

துறை மலருக்கு அந்தக் கரண்டிக் கதையை எழுதித் தாருங்கள் என்று புதிதாக வந்திருக்கும் ஆசிரியர்கள் கேட்டார்கள். கதை இல்லை, நடந்தது. ஏழாவது வரை படித்தவன் எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

கல்லூரிக்கு வருமுன் பதினேழு வருடம் நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் மருந்து கலந்தேன். மருந்து என்றால் வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி. வெயில் ஏறுமுன் கலந்து முடிக்க வேண்டும். உள்ளே போகுமுன் வாசலில் பதித்த செப்புத் தகட்டைத் தொட வேண்டும். உடம்பில் இருக்கும் மின்சாரம் மண்ணுக்கு இறங்கிவிடும். கலக்கிற அறையில் கலக்கிறவனைத் தவிர வேறு ஆள் கூடாது. இரும்பு கூடாது, உரசினால் பொறி. பிளாஸ்டிக் கூடாது, அதில் கண்ணுக்குத் தெரியாத பொறி. மரம் இருக்கலாம், பித்தளை இருக்கலாம். இதை மறந்த சிலர் இன்று இல்லை. நான் இருக்கிறேன். அந்தப் பதினேழு வருடத்தைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லை.

கம்பெனி மூடியபின் கல்லூரியில் தற்காலிக வேலை கிடைத்தது. முதல் இரண்டு வருடம் கண்ணாடி கழுவினேன். மற்ற லேப்பில் சோப்புப் போட்டால் போதும். ஜெபமணி மேடம் லேப்பில் போதாது. தங்கத்தையே கரைக்கிற அமிலத்தில் ஊறப்போட்டு, குழாய்த் தண்ணீரில் பத்து முறை, வடித்த தண்ணீரில் மூன்று முறை அலச வேண்டும். மேடம் வந்து நின்று எண்ண மாட்டார். ஆனாலும் ஒன்பதோடு நிறுத்த எனக்கு மனசு வராது.

மேடம் விருதுநகரிலிருந்து பஸ்ஸில் வருவார். எட்டு மணிக்கெல்லாம் லேப்பில் இருப்பார். வந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி இழுப்பறையில் போடுவார். அதன்பிறகு அவருக்கு நேரம் கிடையாது. குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. பிள்ளைகள் தப்புச் செய்துவிட்டால் ஏன் செய்தாய் என்று கேட்க மாட்டார். "என்ன நடந்துச்சு, முதல்ல இருந்து சொல்லு" என்பார். சொல்லச் சொல்லப் பென்சிலால் எழுதுவார். பாதி சொல்லும்போதே தப்பு எது என்று சொல்கிறவருக்குத் தெரிந்துவிடும். அப்போது பென்சிலைக் கீழே வைப்பார். அவ்வளவுதான் கண்டிப்பு.

ஒருநாள் கேட்டேன். "மேடம், தங்கத்தத் தண்ணியில கரைச்சு என்ன செய்றோம்?"

"தங்கத்த உடைச்சுக்கிட்டே போனா கடைசில என்ன மிஞ்சும், கருப்பசாமி?"

"பொடி மிஞ்சும்."

"அதையும் உடைச்சா?"

"ஒண்ணும் மிஞ்சாது மேடம்."

"இருபது, இருபத்தஞ்சு அணு மிஞ்சும். திராட்சைக் கொத்து மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கும். அந்த அளவுக்கு வந்துட்டா தங்கம் மஞ்சளா இருக்காது. விளக்குப் போட்டா சிவப்பா எரியும்."

"சுடுமா?"

"சுடாது."

சுடாமல் எரிகிற ஒன்றை நான் அதுவரை பார்த்ததில்லை. குடிதண்ணீரில் நச்சு உலோகம் கலந்திருந்தால் அந்தச் சிவப்பு மங்கும், அதை வைத்தே நஞ்சைக் கண்டுபிடித்துவிடலாம் என்றார். ஆனால் சிவப்பு நன்றாக எரிந்தால்தானே மங்குவது தெரியும். எங்கள் குடுவையில் அப்போது மங்கலாகத்தான் எரிந்தது.

கொத்துச் செய்வது இப்படி. கோழிமுட்டை வெள்ளைக்கருவைத் துணியில் வடித்துத் தண்ணீர் சேர்க்க வேண்டும். தங்க உப்பை எடை போட்டுக் கரைத்து அதில் ஊற்ற வேண்டும். கலங்கல் தெளியும்வரை கலக்கிக் கொஞ்சம் காஸ்டிக் சோடா. பிறகு உடம்புச் சூட்டில் மறுநாள் காலைவரை வைக்க வேண்டும். முட்டை நான் வாங்கி வருவேன். உடைத்து மஞ்சள் கருவைத் தனியாகத் தூக்குவாளியில் எடுத்துப்போவேன்.

"மஞ்சக்கரு அம்புட்டையும் நீங்களா திங்கீக அண்ணாச்சி? ஒரு சுத்துப் பெருத்துட்டீகளே" என்று சண்முகப்பிரியா கேலி பேசுவாள்.

"தங்கம் ஒனக்கு, முட்டை எனக்கு" என்பேன்.

அவள் சாத்தூர்ப் பிள்ளை. அப்பா இல்லை. அம்மா தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடைக்கிற வேலை பார்த்துப் படிக்க வைத்தார்.

தங்க உப்பு ஈரத்தை இழுக்கும். பாட்டிலைத் திறந்து வைத்தால் பாகாகிவிடும். எடை போடுகிறவன் கை வேகமாகப் போக வேண்டும், நடுங்கவும் கூடாது. பிள்ளைகள் போட்டால் பாதி காகிதத்தில் ஒட்டிப்போகும். ஒருநாள் நான் ஏதோ உப்பை அளந்து வைத்ததை மேடம் பார்த்தார். "இனிமே தங்கத்த நீங்க போடுங்க" என்றார். ஒரு பிளாஸ்டிக் கரண்டியைக் கொடுத்தார். "இதுலதான் எடுக்கணும். உலோகம் படக்கூடாது."

தலையை ஆட்டினேன். ஆனால் பொடிக்குள் பிளாஸ்டிக்கை விட என் கை போகவில்லை. கம்பெனியில் கலர் மருந்து அளக்க வைத்திருந்த பித்தளைக் கரண்டி சட்டைப்பையில் இருந்தது. விரல் நீளம் இருக்கும். அதில் எடுத்தேன். மேடம் கொடுத்தது உறையோடு எடையறை இழுப்பறைக்குப் போனது.

எடையறையில் நான் மட்டும்தான் இருப்பேன். கதவைச் சாத்திக்கொள்வேன். "அண்ணாச்சி உள்ள இருந்தா எமனும் வெளியதான் நிக்கணும்" என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். அதனால் கரண்டியை யாரும் பார்த்ததில்லை. ஒவ்வொரு தடவையும் அதன் நுனி கறுத்துவிடும். வீட்டில் புளி போட்டுத் தேய்ப்பேன். மருந்து பட்டால் பித்தளை கறுக்கும் என்று விட்டுவிட்டேன்.

நான் எடை போட ஆரம்பித்த அந்த வாரம்தான் குடுவை முதன்முதலில் நன்றாக எரிந்தது.

விளக்கைப் போடுமுன் மேடம் "பாப்போம்" என்பார். எல்லா நாளும் அதே ஒரு சொல்தான். அன்றும் சொல்லிவிட்டுப் போட்டார். சுவர் சிவந்தது. மேடத்தின் மூக்குக்கண்ணாடியில் இரண்டு சிவப்பு தெரிந்தது. சண்முகப்பிரியா "ஆத்தாடி" என்றாள். மேடம் விளக்கை அணைக்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "நாளைக்கும் செய்யணும்" என்றார். ஒன்பது முறை செய்தோம். ஒன்பதும் எரிந்தது.

அதன்பின் வந்த இரண்டரை வருடம்தான் நான் வேலை செய்ததாகச் சொல்லக்கூடிய காலம். காலையில் மேடமும் நானும் முதலில் இருட்டறைக்குப் போவோம். நான் திரையை இழுத்து வெளிச்சம் வருகிற இடத்தில் துணியைச் சொருகுவேன். அவர் குடுவையைத் துடைப்பார். பேச்சு இருக்காது. பாப்போம் என்பார். பார்ப்போம். எரிந்ததும் இரண்டு பேரும் வேறு வேறு வேலைக்குப் போய்விடுவோம். என் வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று அவர் கேட்டதில்லை. அவர் ஏன் கல்யாணம் செய்யவில்லை என்று நான் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை எப்போது முடியும் என்று இருக்கும்.

கட்டுரை வெளிவந்தது. அதை மற்ற ஆராய்ச்சிக்காரர்கள் தங்கள் கட்டுரையில் குறிப்பிட்டால் அதற்கு மேற்கோள் என்று பெயர். அதை எண்ணுவார்கள். எனக்குப் புரியவில்லை என்றதும் மேடம் சொன்னார்: "வழி கேக்குறவுங்ககிட்ட, அந்த வீட்டுல போய்க் கேளுங்கன்னு கையக் காட்டுறோம்ல, அதுதான்." எண்ணிக்கை அறுபதைத் தொட்டதும் தலைவர் கல்லூரி வாசலில் பிளெக்ஸ் வைத்தார். மேடம் படமும் தலைவர் படமும் இருந்தன. தலைவர் படம் பெரிது. மேடம் அன்று பின்வாசல் வழியாக வந்தார்.

அந்த அறுபதில் பாதிப் பேர், இவர்கள் சொன்னபடி செய்தோம், எங்களுக்கு வரவில்லை என்று எழுதியிருந்தது பிறகுதான் தெரிந்தது. குறை சொல்லி எழுதினாலும் எண்ணிக்கையில் ஏறுமாம்.

கடைசியில் ஒரு வெளிநாட்டு லேப்பிலிருந்து கடிதம். பதினோரு முறை செய்தார்களாம், பதினோரு முறையும் மங்கல். பத்திரிகைக்கும் அதே கடிதம் போயிருந்தது. மேடம் விளக்கம் தர வேண்டும். தராவிட்டால் பொய்க் கட்டுரை என்று நீக்கிவிடுவார்கள். மேடம் பேர் கெடும். சண்முகப்பிரியாவுக்குப் பட்டம் கிடைக்காது.

உடனே மூன்று முறை செய்து பார்த்தோம். மூன்றும் எரிந்தது. தங்கம் எடை போட்டது நான்தான்.

தலைவர் சண்முகப்பிரியாவைக் கூப்பிட்டார். "இங்க எரியுது, அங்க எரியலேன்னா என்னம்மா அர்த்தம்? உள்ள என்னத்தப் போட்ட? சாயமா?"

"நான் ஒண்ணும் போடல சார்."

"நாலு வருசமா பஸ்ல வந்து போற. சீக்கிரம் முடிச்சிரணும்னு தோணும்ல?"

"சார், எங்கம்மா பெட்டிக்கு அம்பது குச்சின்னா அம்பதுதான் வைப்பாக. நான் அவுக மக."

மேடம் குறுக்கே பேசினார். "அவளச் சொல்லாதீங்க சார். தப்புன்னா அது என் லேப்."

தலைவர் கேட்கவில்லை. முட்டை உடைப்பது முதல் எடை வரை எல்லாம் அவள் ஒருத்தி மட்டும், அவர் கண் முன்னால் செய்ய வேண்டும், வேறு கை படக்கூடாது என்றார். எனக்கு அன்றுவரை ஒன்றும் தோன்றவில்லை. அவள் எடையறைக்குள் போனாள். தலைவர் அருகே நின்றார். நான் வாசலில் நின்றேன். அவள் இழுப்பறையைத் திறந்தாள். மேடம் எனக்குக் கொடுத்த பிளாஸ்டிக் கரண்டி உறை பிரிக்காமல் அப்படியே கிடந்தது.

"புதுசு வாங்கி வச்சிருக்கீகளா அண்ணாச்சி?" என்றாள்.

உறையைக் கிழித்தாள். அந்தச் சத்தத்தில், குடுவைக்குள் எதையோ போட்டது நான்தான் என்று தெரிந்துவிட்டது. சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. ஒன்பது வருடத் தற்காலிக வேலை அந்த மாதம் நிரந்தரமாவதாக இருந்தது. ஃபைல் தலைவர் மேசையில் இருந்தது.

மறுநாள் காலை நடந்ததை முதலிலேயே சொன்னேன். குடுவை மங்கலாக எரிந்தது. சனிக்கிழமை அது. திங்கட்கிழமை கமிட்டி கூடும், ஆராய்ச்சியிலிருந்து இவள் பெயரை நீக்கச் சொல்லி எழுதப்போகிறேன் என்றார் தலைவர். சண்முகப்பிரியா அழவில்லை. பையை எடுத்துக்கொண்டு போனாள். சாப்பாட்டு டப்பா மேசையிலேயே இருந்தது.

வீட்டில் என் மனைவி பேச்சியம்மாள் கேட்டாள். "என்ன, நமுத்த வெடி மாதிரி உக்காந்திருக்கீக?"

சொன்னேன். வேலை நிரந்தரமாகிறதைத்தான் நினைப்பாள் என்று பார்த்தேன். கொஞ்ச நேரம் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் புள்ள தீப்பெட்டி ஆபீஸ்காரி மகதானே?"

"ஆமா."

"கரண்டிய இந்தத் தடவ புளி போட்டுத் தேய்க்காதீக. கறுப்போட கொண்டு போங்க."

திங்கட்கிழமை மேடம் வருமுன் போய்விட்டேன். அவர் கடிகாரத்தைக் கழற்றி இழுப்பறையில் போட்டார். காகிதத்தில் சுற்றிய கரண்டியை அவர் முன்னால் பிரித்து வைத்தேன்.

மேடம் பென்சிலை எடுத்தார். "என்ன நடந்துச்சு, முதல்ல இருந்து சொல்லுங்க."

"இதுலதான் எடுத்தேன் மேடம்."

"எவ்வளவு நாளா?"

"மொத நாள்ல இருந்து."

பென்சில் ஓடவில்லை. "பிளாஸ்டிக்க ஏன் எடுக்கல?"

"பிளாஸ்டிக்குல பொறி இருக்கும் மேடம். கண்ணுக்குத் தெரியாது."

"இது வெடிமருந்து இல்லையே, கருப்பசாமி."

"எனக்குத் தெரியும் மேடம். கைக்குத் தெரியல."

கரண்டியை எடுத்து நுனியைப் பார்த்தார். விரலால் தடவினார். சன்னலுக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருக்கலாம். அந்தக் கட்டுரை அவருடைய பன்னிரண்டு வருட உழைப்பு.

"பித்தளையில என்ன இருக்கு?" என்றார்.

"செம்பும் துத்தநாகமும்."

"தங்க உப்பு பட்டதும் செம்பு கரைஞ்சு உள்ள போயிருக்கு." தனக்குத் தானே சொன்னார். பிறகு நிமிர்ந்தார். "முட்டை இருக்கா?"

"வாங்கியாறேன் மேடம்."

தலைவரிடம் ஒரு நாள் தவணை கேட்டார். சண்முகப்பிரியாவுக்குப் போன் போட்டு வரவழைத்தார். இரண்டு குடுவை வைத்தோம். ஒன்றுக்குச் சண்முகப்பிரியா பிளாஸ்டிக் கரண்டியில் எடை போட்டாள். மற்றதற்கு நான் பித்தளையில் போட்டேன். முதல் தடவையாக எடையறைக் கதவு திறந்திருந்தது. நாலு பேர் பார்க்க எடை போட எனக்குக் கூசியது.

செவ்வாய்க்கிழமை காலை அதே இருட்டறை, அதே ஆட்கள். மேடம் "பாப்போம்" என்றார். ஒரு குடுவை மங்கல். பக்கத்தில் இருந்தது சுவரைச் சிவக்க வைத்தது.

சண்முகப்பிரியா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அண்ணாச்சி, ஒங்களக் கொல்லணும்."

"கொல்லு தாயி."

"மூணு நாளா சோறு எறங்கல எனக்கு. இம்புட்டூண்டு கரண்டிய வச்சுக்கிட்டு என்ன வேலை பாத்திருக்கீக!" என்று சிரித்தாள். அப்புறம்தான் அழுதாள்.

தலைவர் என்னைப் பார்த்தார். "ஏய்யா, பிளாஸ்டிக்குல எடுன்னா எடுக்க மாட்டியா?" மறுநாள் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கினேன். வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு வருடம் ஆனது.

மேடம் பழைய கட்டுரையைத் தானே திரும்பப் பெற்றார். அந்த அறுபதும் அதோடு போனது. பிளெக்ஸ் சைக்கிள் ஷெட்டுக்குக் கூரையானது. பிறகு பித்தளைக் கரண்டியை விட்டுவிட்டு, செம்பு உப்பையே அளந்து போட்டு ஏழு மாதம் செய்து பார்த்தோம். வெளியூர்ப் பெரிய லேப்பில் ஒரு இயந்திரத்தில் வைத்துப் பார்த்ததில், தங்கக் கொத்துக்குள் செம்பு அணு ஒன்று உட்கார்ந்திருப்பது தெரிந்தது. இரண்டாவது கட்டுரையை எழுதினார்.

தலைவர் வந்து சொன்னார்: "பித்தளைக் கரண்டின்னு எழுதாதீங்க மேடம், சிரிப்பாங்க. தற்செயலாக் கலந்ததுன்னு எழுதிருங்க."

"கரண்டிய எழுதலேன்னா, போன தடவை நமக்கு எப்படி வந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது சார்."

என்னிடம், "உங்க இனிஷியல் என்ன?" என்று கேட்டார்.

"மா. எதுக்கு மேடம்?"

"கடைசியில நன்றின்னு ஒரு பகுதி உண்டு. அதுல போடணும்."

"தப்பு செஞ்சவனுக்கு நன்றியா மேடம்?"

"நடந்தத எழுதுறேன்" என்றார்.

அடுத்த வருடம் சண்முகப்பிரியா பட்டம் வாங்கினாள். அதற்கடுத்த வருடம் மேடத்துக்கு வடக்கே ஒரு பெரிய நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. கடைசி நாள் இழுப்பறையிலிருந்து கடிகாரத்தை எடுத்து லேப்பில் நின்றே கட்டினார். அப்படி நான் பார்த்தது அன்றுதான்.

"கரண்டி இருக்கா?" என்றார்.

கொடுத்தேன்.

"வர்றேன், கருப்பசாமி."

"சரிங்க மேடம்."

அன்று கழுவ வேண்டிய கண்ணாடியைக் கழுவினேன். பத்து முறை, பிறகு மூன்று முறை.

அதன்பின் ஆறு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். இருட்டறையில் உடைந்த நாற்காலிகளைப் போட்டார்கள். நாற்காலிகளை நகர்த்திவிட்டுச் சில காலையில் திரையை இழுத்து உள்ளே நின்றிருக்கிறேன். இரண்டு மூன்று நிமிடம்தான். பிறகு வேலைக்குப் போய்விடுவேன். ஓய்வு பெற்றபின் அதுவும் இல்லை. எட்டு மணி ஆனால் உடம்பு எங்கோ கிளம்பப் பார்க்கிறது. பேச்சியம்மாள் காப்பியைக் கையில் கொடுத்து உட்கார வைக்கிறாள்.

மேடம் போன் செய்வதில்லை. நானும் செய்வதில்லை. செய்தாலும் என்ன பேசுவது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. எங்களுக்குள் இருந்தது ஒரு விளக்குதான்.

சண்முகப்பிரியா இப்போது ஒரு கல்லூரியில் ஆசிரியை. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி காலை எட்டு மணிக்கு என் செல்போனுக்கு ஒரு எண் மட்டும் அனுப்புவாள். இரண்டாவது கட்டுரையை உலகத்தில் இதுவரை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்ற எண். இப்போது எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் குடுவை எரிகிறதாம். அதே எண்ணை அதே நேரத்தில் மேடத்துக்கும் அனுப்புகிறாளாம். மேடம் பதில் போடுவதில்லையாம். நானும் போடுவதில்லை. எண் வந்ததும் பார்ப்பேன். அங்கே அவரும் பார்ப்பார்.

அது போதும் என்று எழுத நினைத்தேன். போதாது.

இந்த மாதம் வந்தது: இருநூற்று எண்பத்தாறு.